பின்வரிசை: டக் ஹார்வியும் ஐஸ் ஹாக்கித் தடுப்பாட்டத் தொழிலும்

ஐஸ் ஹாக்கியைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் கோல் அடித்தவர்களைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த ஆட்டம் ஒரு தொழிலாக வளர்ந்த முறையையும், அத்தொழிலில் உழைத்தவர்கள் கூலிக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் நடத்திய நீண்ட போராட்டத்தையும் விளங்கிக்கொள்ள வேண்டுமானால், கோலுக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர்களிலிருந்து தொடங்குவதே பொருத்தம். இன்றைய ஆட்டத்தில் ஒரு அணிக்கு ஒரே நேரத்தில் ஆறு பேர் பனித்தளத்தில் இருப்பார்கள்: ஒரு கோல்காவலர், மூன்று முன்வரிசைத் தாக்குநர்கள், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள். தளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. சுற்றிலும் பலகைச் சுவர். பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள கெட்டி ரப்பர் தட்டு பயன்படுகிறது. தடுப்பாட்டக்காரரின் வேலை, எதிரணி தட்டோடு பாய்ந்து வரும்போது பின்னோக்கிச் சறுக்கியபடியே அவர்களை எதிர்கொள்வது; தன் முகத்தை எப்போதும் ஆட்டத்தை நோக்கியே வைத்திருப்பதால், கோல்காவலர்கள் அல்லாத மற்ற ஒன்பது ஆட்டக்காரர்களும் எங்கே இருக்கிறார்கள், எங்கே போகப்போகிறார்கள் என்பதை அவரைப் போலப் பார்க்கும் வாய்ப்பு கோல்காவலரைத் தவிர வேறு எவருக்கும் கிடைப்பதில்லை. இந்தப் பார்வையைத் தற்காப்புக் கருவியாக மட்டுமன்றி ஆட்டத்தையே ஆளும் கருவியாக மாற்றியவர் மான்ட்ரியல் கனடியன்ஸ் அணியின் டக் ஹார்வி.

ஹார்விக்கு முந்தைய முக்கால் நூற்றாண்டில் இத்தொழில் வேறு வடிவில் இருந்தது. கூரையிட்ட தளத்தில் ஒழுங்குபடுத்தப்பட்ட முதல் ஆட்டம் என்று கருதப்படுவது 1875 மார்ச் 3 அன்று மான்ட்ரியலின் விக்டோரியா சறுக்குத்தளத்தில் நடந்தது. அப்போது அணிக்கு ஒன்பது பேர். பின்னர் எண்ணிக்கை ஏழாகக் குறைந்தபோது கோலுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள், ஆனால் இன்றுபோல் பக்கத்தில் பக்கத்தில் அல்ல, ஒருவருக்குப் பின் ஒருவராக. கோலுக்கு நெருங்கியவர் ‘பாயின்ட்’ என்றும், அவருக்கு முன்னால் நின்றவர் ‘கவர் பாயின்ட்’ என்றும் அழைக்கப்பட்டனர். தட்டை முன்னோக்கிக் கடத்துவதற்கு விதி இடம் தராததால், பின்வரிசையில் இருப்பவர் தட்டைப் பறித்த பிறகு செய்யக்கூடியது அதிகம் இல்லை: உயரத் தூக்கி எதிர்முனைக்கு அடித்துவிட்டால் ஆபத்து நீங்கியது, அத்துடன் அவர் கடமையும் முடிந்தது. அந்த வழக்கத்தை மீறித் தட்டோடு தானே முன்னேறிப் போன சிலரில் ‘சைக்ளோன்’ டெய்லர் முதன்மையானவர். 1910இல் ஒன்டாரியோ மாகாணத்தின் ரென்ஃப்ரூ என்ற சிற்றூர் அணி, பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவத்துக்கு அவருக்கு 5,250 டாலர் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. அக்காலத் தொழிலாளி ஒருவர் பல ஆண்டுகள் உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை அது. பின்வரிசைக்காரர் ஒருவரின் திறமைக்கு இவ்வளவு பெரிய விலை உண்டு என்று சந்தை ஒப்புக்கொண்ட முதல் தருணங்களில் இது ஒன்று. அந்த ஒப்புதல் நீடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விதிகள் மாறமாறத் தொழிலும் மாறியது. லெஸ்டர், ஃபிராங்க் பாட்ரிக் சகோதரர்கள் பசிபிக் கரையில் நடத்திய லீக், தளத்தை மூன்றாகப் பிரிக்கும் நீலக்கோடுகளை அறிமுகப்படுத்தி நடுப்பகுதியில் முன்னோக்கிக் கடத்தலை அனுமதித்தது. 1917 நவம்பரில் மான்ட்ரியலில் தொடங்கப்பட்ட தேசிய ஹாக்கி லீக் அடுத்த பருவத்திலேயே அதை ஏற்றது; 1929இல் மூன்று பகுதிகளிலும் முன்கடத்தல் செல்லும் என்றாயிற்று. ஆயினும் தன் பகுதியிலிருந்து நீலக்கோட்டைத் தாண்டித் தட்டை அனுப்பக் கூடாது என்ற தடை மிஞ்சியிருந்தது. இதனால் எதிரணி ஐந்து பேரையும் முன்னே தள்ளி நெருக்கினால், தற்காக்கும் அணி தன் முனையிலேயே சிறைப்பட்டுத் தவித்தது. அத்தகைய ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரரிடம் எதிர்பார்க்கப்பட்டது உடல்வலிமையே. பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் எட்டி ஷோர் அந்த யுகத்தின் உச்சம்: லீக்கின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதை நான்கு முறை பெற்றவர், எந்தத் தடுப்பாட்டக்காரரும் இன்றுவரை அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. அதே ஷோர் 1933 டிசம்பர் 12 அன்று டொராண்டோவின் ஏஸ் பெய்லியைப் பின்னாலிருந்து மோதி வீழ்த்தியதில் பெய்லியின் மண்டையோடு உடைந்து, அவர் உயிர் தப்பியபோதும் மீண்டும் ஆட முடியாமல் போனது. அடுத்த பிப்ரவரியில் அவருக்கு நிதி திரட்ட டொராண்டோவில் ஓர் ஆட்டம் நடத்தப்பட்டது. காயமுற்ற ஆட்டக்காரரின் பிழைப்புக்கு இதுபோன்ற தயவுதான் வழி, உரிமை என்று எதுவும் இருக்கவில்லை என்பதை அந்த ஆட்டம் காட்டுகிறது.

1943-44 பருவத்தில் தளத்தின் நடுவே ஒரு சிவப்புக்கோடு வரையப்பட்டது. தன் பகுதியிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் தட்டை நேராக அனுப்பலாம் என்றாயிற்று. ஒரு கோடுதான், ஆனால் பின்வரிசையின் பொருளாதாரத்தையே அது மாற்றிவிட்டது. முன்பு பத்து எட்டு வைத்துச் சறுக்கித் தூக்கிச் செல்ல வேண்டியிருந்த தட்டை இப்போது ஒரே கடத்தலில் ஐம்பது அடிக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கும் சக வீரரின் மட்டைக்குச் சேர்க்க முடியும். அதைச் செய்யத் தேவையானது தோள்வலிமை அல்ல, எந்த இடைவெளி எந்தக் கணத்தில் திறக்கும் என்ற கணிப்பு. இந்த மாற்றம் வந்து நான்கே ஆண்டுகளில், போர்க்காலக் கடற்படைப் பணியை முடித்துவிட்டு, கோடையில் பேஸ்பாலும் இலையுதிர்காலத்தில் கனடியக் கால்பந்தும் ஆடக்கூடிய திறமையோடு, 1924இல் மான்ட்ரியலில் பிறந்த டக் ஹார்வி 1947-48 பருவத்தில் கனடியன்ஸ் அணிக்குள் வந்தார்.

அவருடைய ஆட்டத்தைத் தொடக்கத்தில் பார்த்தவர்கள் அதைச் சோம்பல் என்றே எண்ணினார்கள். தட்டு கிடைத்தவுடன் அடித்து விலக்குவதே பாதுகாப்பு என்று பழகிய கண்களுக்கு, எதிராளி இருவர் நெருங்கிவரும்போதும் தன் கோலுக்கு அருகிலேயே தட்டை மட்டையில் வைத்துக்கொண்டு நிதானமாக நிற்கும் ஒருவர் அலட்சியக்காரராகத்தான் தெரிவார். ஆனால் ஹார்வி நின்றதற்குக் காரணம் இருந்தது: எதிராளி தன்னை நோக்கி வரும் ஒவ்வொரு கணமும் வேறெங்கோ ஓர் இடம் காலியாகிறது, அவர் முழுதாக நெருங்கி வந்து திரும்ப முடியாத நிலையை அடைந்த பிறகு தட்டை விட்டால், அந்தக் காலியிடத்தில் சக வீரர் தனியாகப் புறப்பட்டுவிடுவார். ஆட்டம் வேகமாக வேண்டுமென்றால் வேகமாக்கவும், அணி களைத்திருந்தால் தட்டைத் தன்னிடமே வைத்து மெதுவாக்கவும் அவரால் முடிந்தது. மோரிஸ் ரிச்சர்ட், ஜான் பெலிவோ, பெர்னி ஜெஃப்ரியான் போன்ற தாக்குநர்களின் வேகம் புகழப்பட்ட அளவுக்கு, அந்த வேகம் எப்போது தொடங்க வேண்டும் என்று முடிவுசெய்தவர் பின்னால் நின்ற ஹார்வி என்பது புகழப்படவில்லை. 1,113 லீக் ஆட்டங்களில் அவர் அடித்தது 88 கோல்கள் மட்டுமே, எந்தப் பருவத்திலும் இரட்டை இலக்கத்தை எட்டியதில்லை. பிறர் அடிக்க உதவிய கோல்களோ 452. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் அவருடைய கலை இருக்கிறது.

தற்காப்பிலும் அவர் முறை இதுவே. பாய்ந்து வரும் தாக்குநருக்கும் தனக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறுக்கிக்கொண்டே பின்னோக்கிச் சறுக்கி, அவரைத் தளத்தின் நடுவிலிருந்து பலகைச் சுவர் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டால், அங்கிருந்து வரும் எந்த அடியையும் கோல்காவலர் சிரமமின்றிப் பிடித்துவிடலாம். மோதி வீழ்த்துவது கண்ணுக்குப் பட்டாலும், மோதத் தேவையே இல்லாதபடி எதிராளியின் வழியை அடைப்பதுதான் உயர்ந்த தொழில்நுட்பம். இத்தனை கவனத்துக்கு நடுவிலும் இத்தொழிலில் தவறுக்கு மன்னிப்பில்லை: 1954 ஏப்ரலில் ஸ்டான்லி கோப்பை இறுதித்தொடரின் ஏழாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றபோது, டெட்ராயிட்டின் டோனி லெஸ்விக் அடித்த தட்டைப் பிடிக்க ஹார்வி கையை உயர்த்த, அது அவருடைய கையுறையில் பட்டுத் திரும்பித் தன் கோலுக்குள்ளேயே விழுந்து கோப்பை டெட்ராயிட்டுக்குப் போனது.

அந்தத் தோல்விக்குப் பின் வந்த ஆண்டுகள் ஹார்வியின் பொற்காலம். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது 1954இல்தான் முதன்முறையாக வழங்கப்பட்டது, டெட்ராயிட்டின் ரெட் கெல்லி பெற்றார். அடுத்த எட்டு ஆண்டுகளில் ஏழு முறை ஹார்வியும், ஒரு முறை அவருடைய சக வீரர் டாம் ஜான்சனும் அதை வென்றனர். கனடியன்ஸ் 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து கோப்பைகளைப் பெற்றது. 1953இல் வென்றதையும் சேர்த்தால் ஹார்விக்கு ஆறு. தண்டனை பெற்ற எதிரணி வீரர் ஒருவர் இரண்டு நிமிடம் வெளியே அமர்ந்திருக்கும்போது கிடைக்கும் ஆள்பலச் சாதகத்தை அந்த அணி எவ்வளவு கொடூரமாகப் பயன்படுத்தியது என்றால், 1955 நவம்பர் 5 அன்று பாஸ்டனுக்கு எதிராக பெலிவோ 44 விநாடிகளில் மூன்று கோல்கள் அடித்தார். நீலக்கோட்டருகே நின்று தட்டை வலமும் இடமும் பிரித்துக் கொடுத்த மையம் ஹார்வி. அதுவரை எத்தனை கோல் விழுந்தாலும் தண்டனைக்காலம் முழுவதும் கழிய வேண்டும். அடுத்த பருவத்திலிருந்து, ஒரு கோல் விழுந்தவுடனே சிறு தண்டனை பெற்றவர் திரும்பலாம் என்று லீக் விதியை மாற்றியது. ஒரே அணியின் திறமையைக் கட்டுப்படுத்த விளையாட்டின் சட்டமே திருத்தப்பட்டது என்பதைவிடப் பெரிய சான்றிதழ் இருக்க முடியாது.

தளத்தில் இவ்வளவு அதிகாரம் கொண்டிருந்தவர்களுக்கு வெளியே எந்த அதிகாரமும் இருக்கவில்லை. 1942 முதல் 1967 வரை லீக்கில் ஆறே அணிகள், ஏறத்தாழ நூற்றிருபது வேலைகள்; ஒவ்வொருவருடைய இடத்துக்கும் கீழ்நிலை லீக்குகளில் பலர் காத்திருந்தனர். ஒப்பந்தத்தில் இருந்த தக்கவைப்புப் பிரிவு, ஒரு பருவம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அதே அணிக்கே கட்டுப்பட்டவர் என்று வைத்திருந்தது. அணி விரும்பினால் விற்கலாம், மாற்றலாம், கீழே அனுப்பலாம், அவர் விரும்பினால் போக முடியாது. நாரிஸ் குடும்பத்துக்கு டெட்ராயிட் அணி சொந்தம், சிகாகோவிலும் நியூயார்க்கிலும் பங்கு இருந்தது என்பதிலிருந்து, ஒரு முதலாளியோடு பிணக்கு என்றால் வேறொரு முதலாளியிடம் போகலாம் என்ற வழியும் எவ்வளவு குறுகலானது என்பது விளங்கும். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான விருது அந்தக் குடும்பத் தலைவரின் பெயரையே தாங்கியிருந்தது. கோடையில் வேறு வேலை பார்த்துத்தான் பலர் குடும்பத்தை நடத்தினார்கள். டொராண்டோ வட்டாரத்தின் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் வாழும் தமிழர்கள் நாள்தோறும் காப்பி வாங்கும் டிம் ஹார்டன்ஸ் கடைகளுக்குப் பெயர் கொடுத்தவரே டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர்தான். நான்கு கோப்பைகள் வென்ற அவர், ஆட்டம் முடிந்த பிறகான வாழ்க்கைக்கு ஒரு பிடிப்பு வேண்டும் என்று தொழில்களில் இறங்கி, 1964இல் ஹாமில்டனில் அந்த டோனட் கடையைத் தொடங்கினார். 1974இல், நாற்பத்து நான்கு வயதிலும் பஃபலோ அணிக்கு ஆடிக்கொண்டிருந்த நாட்களில், கார் விபத்தில் இறந்தார்.

1947இல் தொடங்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்துக்கு ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஆண்டுக்கு 900 டாலர் செலுத்தினார். அந்தப் பணம் எங்கே, எவ்வளவு வளர்ந்திருக்கிறது, முதலாளிகள் தம் பங்கைச் செலுத்தினார்களா என்று கேட்டபோது தெளிவான பதில் கிடைக்கவில்லை. 1957 பிப்ரவரியில் ஆட்டக்காரர்கள் சங்கம் அமைத்ததாக அறிவித்தபோது, அதன் தலைவர் டெட்ராயிட்டின் இடதுபக்கத் தாக்குநர் டெட் லிண்ட்சே. துணைத்தலைவர் டக் ஹார்வி. மற்ற நான்கு அணிகளின் சார்பில் நின்றவர்கள் பாஸ்டனின் ஃபெர்ன் ஃபிளாமன், சிகாகோவின் கஸ் மார்ட்சன், டொராண்டோவின் ஜிம்மி தாம்சன், நியூயார்க்கின் பில் காட்ஸ்பி. இந்தப் பட்டியல் போதிய கவனத்தைப் பெறவில்லை: லிண்ட்சேயைத் தவிர்த்த ஐவருமே தடுப்பாட்டக்காரர்கள். இதைத் தற்செயல் என்று ஒதுக்கலாம்தான். ஆனால் அணிக்குள் சக வீரரின் தவறுக்கு ஈடுகொடுத்து நிற்பதையே அன்றாட வேலையாகக் கொண்டவர்கள், கோல் எண்ணிக்கையால் தனித்த புகழோ பேரம்பேசும் பலமோ பெறாதவர்கள், கூட்டாக நிற்பதன் தேவையை மற்றவர்களுக்கு முன்பே உணர்ந்திருக்க வாய்ப்புண்டு என்பதே இங்கு பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது. அதிலும் ஹார்வி தன் தொழிலின் உச்சியில், தனக்கென்று கேட்க வேண்டிய தேவை குறைவாக இருந்த காலத்தில் முன்னால் வந்தவர்.

முதலாளிகளின் பதில் விரைவாக வந்தது. அந்தப் பருவத்தில் தன் வாழ்நாளின் மிக நல்ல புள்ளிக்கணக்கை (அடித்த கோல்களும் உதவிய கோல்களும் சேர்ந்தது) பெற்றிருந்த லிண்ட்சே, ஜூலையில் லீக்கின் கடைசி இடத்தில் கிடந்த சிகாகோவுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த மாதம் தாம்சனும் அங்கேயே விற்கப்பட்டார். சங்கம் 30 லட்சம் டாலர் கோரி வழக்குத் தொடுத்தது, ஆனால் நவம்பரில் டெட்ராயிட் ஆட்டக்காரர்கள் விலகியதோடு அது சரியத் தொடங்கியது. 1958 பிப்ரவரியில் ஏற்பட்ட சமரசத்தில் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 7,000 டாலர் என்றும், ஓய்வூதியத்தில் சில மேம்பாடுகளும் கிடைத்தன; சங்கம் என்ற அமைப்பு இல்லாமல் போனது. கனடியன்ஸ் நிர்வாகம் ஹார்வியை உடனே தொடவில்லை, ஏனெனில் அவரின்றிக் கோப்பை இல்லை. 1961 கோடையில், அணித்தலைவராக இருந்த, அந்த ஆண்டும் நாரிஸ் விருது பெற்றிருந்த அவரை, லூ ஃபான்டினாட்டோ என்ற தடுப்பாட்டக்காரருக்கு ஈடாக நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். வயது முப்பத்தாறு என்பது சொல்லப்பட்ட காரணம்; சங்கத்தை மறக்கவில்லை என்பது ஆட்டக்காரர்களிடையே நிலவிய நம்பிக்கை. ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக ஹார்வி முதல் ஆண்டிலேயே ரேஞ்சர்ஸைக் கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுக்குக் கொண்டுசென்று ஏழாவது நாரிஸ் விருதைப் பெற்றார். அவருக்கு ஈடாக வந்த ஃபான்டினாட்டோ, 1963 மார்ச்சில் மான்ட்ரியல் தளத்தின் பலகைச் சுவரில் தலைமோதிக் கழுத்தெலும்பு முறிந்து, அத்துடன் தொழிலை இழந்தார். ஒரே பரிமாற்றத்தின் இரு முனைகளிலும் நின்ற இந்த இருவரின் கதையையும் சேர்த்துப் படித்தால், அத்தொழிலில் ஓர் உடம்பு எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பது தெரியும்.

பின்னர் ஹார்வி கீழ்நிலை லீக்குகளில் ஊர் ஊராக ஆடினார். லீக் விரிவடைந்த பிறகு செயின்ட் லூயி புளூஸ் அணிக்காக 1968-69 பருவத்தில், நாற்பத்து நான்கு வயதில், மீண்டும் முழுப் பருவம் ஆடினார். குடிப்பழக்கமும் மனநோயும் அவரை வாட்டின. 1973இல் ஹாக்கிப் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது விழாவுக்குப் போகவில்லை. கனடியன்ஸ் அவருடைய 2ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவிக்க 1985 வரை ஆயிற்று; 1989 டிசம்பர் 26 அன்று கல்லீரல் நோயால் இறந்தார்.

ஹார்வி திறந்த வழியில் மிகத் தொலைவு சென்றவர் பாஸ்டனின் பாபி ஓர். பதினான்காம் வயதிலேயே தன் எதிர்காலத் தொழில்வாழ்வைப் புரூயின்ஸுக்கு எழுதிக்கொடுக்கும் படிவத்தில் கையெழுத்திட்ட இந்தப் பாரி சவுண்ட் ஊர்ச் சிறுவன், ஹார்வி கடத்தலால் செய்ததைத் தன் கால்களாலும் செய்தார்: 1969-70இல் 120 புள்ளிகளோடு லீக்கின் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்ற முதல் தடுப்பாட்டக்காரர் ஆனார், தொடர்ந்து எட்டு நாரிஸ் விருதுகள் பெற்றார், இடது முழங்காலில் அறுவைக்கு மேல் அறுவை செய்துகொண்டு 657 ஆட்டங்களோடு முப்பது வயதில் ஓய்ந்தார். அவருடைய முகவர் ஆலன் ஈகிள்சன்தான், ஸ்பிரிங்ஃபீல்டு அணியை வாங்கி முதலாளியாகியிருந்த எட்டி ஷோரின் கடுமையை எதிர்த்து 1966இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்காகப் பேசி, அந்த வெற்றியின் பலத்தில் 1967இல் புதிய ஆட்டக்காரர் சங்கத்தை நிறுவியவர். ஆட்டக்காரர்களின் நம்பிக்கையை இவ்வளவு பெற்றிருந்த அதே ஈகிள்சன், 1976இல் அணி உரிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தர பாஸ்டன் முன்வந்ததை பாபி ஓரிடம் சொல்லாமல் மறைத்து அவரைச் சிகாகோவுக்கு அனுப்பினார். 1998இல் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

ஓய்வூதியக் கேள்வியை மீண்டும் கையிலெடுத்தவரும் ஒரு தடுப்பாட்டக்காரரே. 1962 முதல் 1964 வரை டொராண்டோவுக்காக மூன்று கோப்பைகள் வென்ற கார்ல் புரூவர், நிர்வாகத்தோடு ஒத்துப்போக முடியாமல் தன் நல்ல வயதிலேயே அணியை விட்டு வெளியேறியவர். கணக்கு கேட்கும் பழக்கத்தை ஓய்வுக்குப் பின்னும் விடவில்லை. அவருடைய முனைப்பில், கோர்டி ஹௌ, பாபி ஹல், ஆண்டி பாத்கேட், எட்டி ஷாக் ஆகியோரோடு தடுப்பாட்டக்காரர்களான ஆலன் ஸ்டான்லியும் லியோ ரைசும் சேர்ந்து எழுவராக வழக்குத் தொடுத்தனர். ஓய்வூதிய நிதியில் சேர்ந்த உபரி ஆட்டக்காரர்களுக்கே உரியது, அதை அணிகள் தம் பங்களிப்பைக் குறைத்துக்கொள்ளப் பயன்படுத்தியது செல்லாது என்று ஒன்டாரியோ நீதிமன்றம் 1992 அக்டோபரில் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு தோற்று, 1994இல் கனடாவின் உச்சநீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தபின், நான்கு கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை பழைய ஆட்டக்காரர்களுக்குத் திரும்பியது. 1957இல் சங்கத்துக்காக நின்ற அறுவரில் லிண்ட்சே, காட்ஸ்பி, ஃபிளாமன், மார்ட்சன் ஆகியோர் அந்தத் தீர்ப்பைப் பார்க்க இருந்தார்கள். தாம்சன் 1991இலும் ஹார்வி அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பும் இறந்திருந்தார்கள்.